ஒரு மனை, இரண்டு அடுப்பு

2024 ஜூலை 22-ஆம் தேதி தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுபவர்கள் ஆன்லைனில் சுயசான்று கொடுத்துக் கட்டணத்தைக் கட்டினால் உடனே அனுமதி. யாரும் முன்கூட்டி இடத்தை வந்து பார்க்க மாட்டார்கள். கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் வேண்டாம்.

அந்த வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் இதே பேச்சுதான். ஆழ்வார்குறிச்சியில் பூர்வீக வீடு வைத்திருக்கும் ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ளே ஒரு கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க. முன்கட்டை அப்படியே வச்சுக்கிட்டு, பின்னால புறவாசலில் ஒரு சின்ன வீடு. அம்மா அப்பா அங்கே, முன்பக்கம் வாடகைக்கு. அல்லது மாறி. கலிஃபோர்னியாவில் இருக்கும் மச்சினர் ஒருத்தர், "அத்தான், இது இங்க உள்ள ஏ.டி.யூ. சட்டம் மாதிரியே இருக்கே"ன்னு எழுதினார். அவர் சொன்னது பாதி சரி. அந்த மீதிப் பாதியைத் தேடப்போய்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவங்க கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். அமெரிக்க ஊர்களில் குடியிருப்பு மனைகளில் பெரும்பகுதி 'ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடு'ன்னு நகராட்சி விதியால் பூட்டப்பட்டவை. பின்பக்கம் பாட்டிக்கு ஒரு சின்ன வீடு கட்டினாலும் சட்டவிரோதம். கலிஃபோர்னியா மாநில அரசு 1982-ல் இந்தப் பூட்டில் முதல் கை வைத்தது. 2002-ல் போட்ட சட்டம், விதிக்குப் பொருந்தினால் கூட்டம் கூட்டி விசாரிக்காமல் அனுமதி கொடுத்தாகணும் என்றது. நகராட்சிகள் சும்மா இருக்குமா? கார் நிறுத்த இடம், பெரிய இடைவெளி, ஏகப்பட்ட கட்டணம்னு வேறு வழியில் தடுத்தன. 2016-லிருந்து 2019 வரை அடுத்தடுத்து வந்த சட்டங்கள் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தன. இப்போ பக்கத்திலும் பின்னாலும் 4 அடிக்கு மேல் இடைவெளி கேட்க முடியாது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளில் பதில் சொல்லணும். 750 சதுர அடிக்குக் குறைவானதுக்கு உள்கட்டமைப்புக் கட்டணம் கிடையாது.

நம்ம ஊரில் அந்தப் பூட்டே இருந்ததில்லை. ஒரு மனையில் ஒரு குடும்பம்தான் குடியிருக்கணும்னு தமிழ்நாட்டில் பொதுவாக எந்த விதியும் சொன்னதில்லை. மூணு தலைமுறை, நாலு அடுப்பு, ஒரு கிணறு என்று இருந்த வீடுகளுக்கு யாரிடம் அனுமதி வாங்கினாங்க? ஆக, கலிஃபோர்னியாவில் இரண்டாவது வீட்டின் வரலாறு நகரமைப்புச் சட்டத்தின் வரலாறு. இங்கே அது குடும்பச் சட்டத்திலும் வாடகைச் சட்டத்திலும் ஒளிஞ்சு கிடக்கு. கட்டிட விதி கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி.

வீட்டைப் பார்ப்போம். கடனா நதிப் பாசனத்தில் வளர்ந்த இந்தப் பக்கத்து ஊர்களின் பழைய தெருக்களில் மனைகள் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கத்து வீட்டோடு சுவர் பொது. திண்ணை, நடை, பட்டாசாலை, நடுவில் முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணறு, தொழு, புறவாசல். காற்றும் வெளிச்சமும் பக்கவாட்டில் இருந்து வராது, முற்றத்தின் வழியாக மேலிருந்து வரும். திருநெல்வேலி டவுனில் இதையே அகலமாக்கினால் வளவு. ஒரு வாசல், நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், கடைசியில் பொதுக் கிணறு. வண்ணதாசன், கலாப்ரியா எழுத்தைப் படித்தவர்களுக்கு வளவு என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு வீட்டில் இரண்டாவது வீடு எப்போ பிறக்குது? சுவர் எழுப்பும்போது இல்லை. "அடுப்பைப் பிரிச்சாச்சு" என்று ஊரில் சொல்லும்போதுதான். மூத்த மகனும் மருமகளும் அதே கூரையின் கீழே, அதே கிணற்றில் தண்ணி இறைச்சு, அதே வாசலில் போய்வந்து இருப்பாங்க. ஆனால் இரண்டாங்கட்டில் தனியாக ஒரு அடுப்பு எரிய ஆரம்பிச்சால் அது தனிக்குடித்தனம். ஊர் அதை இன்னொரு வீடாகக் கணக்கு வைக்கும். கல்யாணப் பத்திரிகை தனியாகக் கொடுக்கணும், கோயில் வரி தனி.

இதை ஊர்ப் பழக்கம்னு நான் நினைச்சிட்டு இருந்தேன். அரசாங்கமும் இப்படித்தான் எண்ணுது என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையேட்டைப் படிச்சபோதுதான் தெரிஞ்சது. அதன்படி ஒரு 'குடும்பம்' என்பது வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே பொதுச் சமையலறையில் சாப்பிடும் ஆட்கள். 'கணக்கெடுப்பு வீடு' என்பது வேறு. தெருவிலிருந்தோ, பொது முற்றத்திலிருந்தோ, படிக்கட்டிலிருந்தோ தனி வாசல் உள்ள கட்டிடப் பகுதி. ஒன்று அடுப்பை எண்ணும், இன்னொன்று வாசலை எண்ணும். ரேஷன் கார்டிலும் இதே கதை. கல்யாணமான பையன் புது கார்டுக்கு எழுதிப்போட்டால், விசாரணைக்கு வருபவர் தனிச் சமையலறை இருக்கான்னுதான் பார்ப்பார். மின்வாரியத்துக்கு வீடு என்பது மீட்டர். பேரூராட்சிக்கு வீடு என்பது வரிவிதிப்பு எண். பதிவுத்துறைக்கு வீடே கிடையாது, சர்வே எண்ணும் பாகமும்தான்.

என்னை மாதிரி டேட்டாபேஸ் வேலை செய்யுற ஆளுக்கு இது தலைவலி. ஒரே பொருளுக்கு அஞ்சு டேபிள், அஞ்சு ப்ரைமரி கீ, ஒண்ணோடொண்ணு சேராது. அடுப்பு கணக்கில் மூணு குடும்பம், வாசல் கணக்கில் ஒரு வீடு, மீட்டர் கணக்கில் இரண்டு, பத்திரத்தில் தாத்தா பேரில் ஒன்று. எங்க தெருவில் இப்படி எத்தனை வீடு காட்டட்டும்?

இது வெறும் வேடிக்கை இல்லை, பணம் சம்பந்தப்பட்டது. 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறும். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு. அதற்கான தகுதிகளில் ஒன்று, வீட்டின் மின் உபயோகம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. இரண்டாங்கட்டில் தனியாகச் சமைக்கும் ஒரு பெண்ணுக்குத் தனி கார்டும் தனி மீட்டரும் இல்லாவிட்டால், அரசு கணக்கில் அவள் முன்கட்டின் ஒரு உறுப்பினர். அவ்வளவுதான்.

சரி, அந்த இரண்டாவது அடுப்பு யாருக்குப் போடப்பட்டது?

கல்யாணமான மகனுக்குன்னு சொன்னேன். அது சந்தோஷமான பதில். இன்னொரு பதிலும் உண்டு. ஊரில் பெரியவங்க பேச்சில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: "அவளுக்குப் புறவாசல்ல ஒரு அடுப்பு போட்டுக் குடுத்தாச்சு." அந்த 'அவள்' யாருன்னு கேட்டால், புருஷனை இழந்த மகள், அல்லது புருஷன் வேண்டாம்னு அனுப்பிவிட்டவள், சில வீட்டில் செத்துப்போன தம்பியின் மனைவி. தொழுவை ஒட்டி ஒரு அறை, ஒரு அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு கோட்டை நெல். அந்த அறை அவளுடையதா? அவள் இருக்கும் வரை இருந்துக்கலாம். இது நல்ல மனசா, ஒதுக்கி வைப்பதா என்று கேட்டால், இரண்டும்தான்னு சொல்லணும்.

சட்டம் இந்த அறையை எப்படிப் பார்த்தது என்பது நான் எதிர்பார்க்காத அளவுக்கு சுவாரசியமான கதை. 1937-ல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் அது ஆயுள்காலப் பங்கு மட்டும். விற்க முடியாது, யாருக்கும் எழுதி வைக்க முடியாது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு பெண் கைவசம் வைத்திருக்கும் சொத்து, ஜீவனாம்சத்துக்குப் பதிலாக வந்திருந்தாலும், அவளுக்கே முழுச் சொந்தம் என்றது. அதே பிரிவில் ஒரு விலக்கு. பத்திரத்திலோ தீர்ப்பிலோ 'ஆயுள் வரை மட்டும்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு நிற்கும். எல்லாக் குடும்பமும் அப்படித்தானே எழுதும்? 1977-ல் ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது. விதவையின் ஜீவனாம்ச உரிமை புதுசாக யாரோ கொடுத்த தானம் இல்லை, ஏற்கெனவே அவளுக்கு இருந்தது. அதற்காகச் சொத்து கொடுத்திருந்தால், 'ஆயுள் வரை' என்று எழுதியிருந்தாலும் அது முழுச் சொந்தமே என்று தீர்ப்பு.

எழுதிக் கொடுத்திருந்தால்! வாய்வார்த்தையாக "இங்க இருந்துக்கோ" என்று சொன்ன புறவாசல் அறைக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்? ஊரில் பெரும்பாலும் நடந்தது வாய்வார்த்தைதான்.

மகளின் கதை இன்னும் சிக்கல். அதே 1956 சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்று எனக்குத் தோணுது. அப்பா உயில் எழுதாமல் இறந்து, வீட்டில் குடும்பத்தினரே முழுக்கக் குடியிருந்தால், ஆண் வாரிசுகள் பிரிக்கலாம்னு முடிவு செய்யும் வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பிரிவினை கேட்க முடியாது. பங்கு உண்டு, ஆனால் கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் குடியிருக்கும் உரிமை உண்டு. மகளென்றால் அதுவும் கல்யாணம் ஆகாதவளாக, கைவிடப்பட்டவளாக, பிரிந்தவளாக, அல்லது விதவையாக இருந்தால்தான். புறவாசல் அடுப்பை அப்படியே சட்டமாக எழுதியது போல இருக்கு, இல்லையா? ஊர் வழக்கத்தைப் பார்த்து டெல்லியில் யாரோ குறிப்பெடுத்த மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தடை 'குடும்பத்தினர் முழுக்கக் குடியிருக்கும்' வீட்டுக்கு மட்டும். 1996-ல் உச்ச நீதிமன்றம், ஆண் வாரிசு ஒருத்தரே இருந்தாலும் தடை பொருந்தும்னு சொன்னது. கூடவே, வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாதுன்னும் சொன்னது. அதாவது அண்ணன் வாடகைக்கு ஆள் வைத்தால் தங்கச்சிக்குப் பங்கு கேட்கும் கதவு திறக்கும். சில வீடுகளின் பின்கட்டு ஆண்டுக்கணக்காகப் பூட்டியே கிடந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபணம் கேட்காதீங்க.

தமிழ்நாடு இதில் ஒரு படி முன்னால் போனது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கச்சிக்கு உண்டு என்ற நிலைமை. 23-ஆம் பிரிவை அது தொடவும் இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் அமலான மத்தியத் திருத்தம்தான் அந்தப் பிரிவையே தூக்கியது. ஆக, ஆழ்வார்குறிச்சியில் ஒரு மகள் அப்பா வீட்டைப் பிரிக்கச் சொல்லி அண்ணன் சம்மதம் இல்லாமல் கேட்க முடியும் என்ற நிலை வந்து இருபது வருஷம்தான் ஆகிறது. இதை முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது அடுப்புக்கு இன்னொரு சொந்தக்காரர் உண்டு, வாடகைக்காரர். பள்ளிக்கூட வாத்தியார், பாங்கில் மாற்றலாகி வந்தவர், ரயில்வேக்காரர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1941-ல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. பிறகு 1946, 1949, கடைசியாக 1960-ல் முழுச் சட்டம். சென்னை, மதுரை, நகராட்சிகள், பிறகு அறிவிக்கப்பட்ட ஊர்கள் என்று அதன் எல்லை. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது.

அந்த 1960 சட்டத்தில் 10-ஆம் பிரிவின் ஒரு உட்பிரிவு அப்படியே நம்ம விஷயம். வீட்டின் ஒரு பகுதியில் தானே குடியிருக்கும் உரிமையாளர், தனக்குக் கூடுதல் இடம் தேவைப்பட்டால், மறுபகுதியில் இருக்கும் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் வாடகைதாரருக்கு வரும் கஷ்டம் உரிமையாளருக்குக் கிடைக்கும் வசதியை விட அதிகமாக இருந்தால் கோர்ட் மறுக்கலாம். மகனுக்குக் கல்யாணம், மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அப்பாவால் படியேற முடியவில்லை என்று வீட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும், பின்கட்டில் இருப்பவரின் கஷ்டத்தோடு தராசில் வைக்கப்படும். அந்த இருவரும் அதே கிணற்றில் தினம் முகம் பார்க்கணும். பல வருஷம் வழக்கு ஓடினால் அந்த வீட்டின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

புது வீடு கட்டுபவர்களை ஊக்குவிக்க, கட்டி முடித்த ஐந்து வருஷத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு ஒரு விலக்கும் வைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னங்கிற பயம் போகலை. வாடகைக்கு விடாமலே பூட்டி வைப்பது, 'தெரிஞ்சவங்களுக்கு' மட்டும் விடுவது, பதினொரு மாச ஒப்பந்தம் என்று ஊர் தன் வழியைக் கண்டுபிடித்தது. 'தெரிஞ்சவங்க' என்பதற்குள் சாதி இருக்கு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பின்கட்டில் வேறு அடுப்பு எரியலாம், ஆனால் என்ன சமைக்கிறாங்க என்பது வரைக்கும் முன்கட்டு விசாரிக்கும். இப்போதைய 2017 சட்டம், 2019 பிப்ரவரியில் அமலானது, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கு. முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஊரில் எத்தனை பேர் பதிகிறாங்கன்னு நீங்களே உங்க தெருவைப் பார்த்துச் சொல்லுங்க.

இப்போ கட்டிட விதிகளுக்கு வருவோம். மனையைச் சுற்றி இடம் விடணும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபிறகு, காற்றோட்டம் இல்லாத நெருக்கமான வீடுகள்தான் நோய்க்குக் காரணம் என்ற கருத்து வலுவாச்சு. 1898-ல் பம்பாயில் மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்துத் தெருக்களையே இடித்தார்கள். 1914-15-ல் சென்னை மாகாணத்தைச் சுற்றிப் பார்த்த பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைக் கடுமையாக எதிர்த்தார். தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளில் அவர் சொன்னதன் சாரம்: தெருவை நேராக்க நூறு வீட்டை இடிக்காதே, எங்கே அடைத்திருக்கோ அங்கே மட்டும் ஒன்றிரண்டு சுவரை எடுத்து மூச்சுவிட வழி செய். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டமும் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வந்தன. கெடஸ் பாராட்டப்பட்டார். விதிகளின் மனசில் இருந்ததோ நாலு பக்கமும் தோட்டம் உள்ள பங்களா.

பிறகு 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம், 1972-ல் நகராட்சிக் கட்டிட விதிகள், 1973-ல் பலமாடிக் கட்டிட விதிகள், 1997-ல் ஊராட்சிகளுக்குத் தனி விதிகள், சென்னைக்கு வேறு. இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கி 2019 பிப்ரவரி 4-ல் வந்ததுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். குடியிருப்பு அலகு என்றால் வாழ, சமைக்க, கழிப்பறைக்கு என்று தனித்தனி வசதி உள்ள இடம் என்ற வழக்கமான விளக்கம் இங்கேயும் உண்டு. மறுபடி அடுப்பு! தளப்பரப்புக் குறியீடு உயரம் குறைந்த கட்டிடங்களுக்கு 2. தொடர் கட்டிடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வரி நம்ம தெருக்களுக்கு எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு. 20 அடி அகலம், 120 அடி நீளம் என்று ஒரு மனையை எடுத்துக்குவோம். 2,400 சதுர அடி, சுயசான்று வரம்புக்குள் அழகாக வந்து உட்காருது. ஒரு பக்கம் மட்டும் 1 மீட்டர் விட்டால் போகும் இடம் சுமார் 394 சதுர அடி, மனையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மிச்ச அகலம் 16 அடி 8 அங்குலம். இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் போனால் உள்ளே 15 அடி. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அந்த 1 மீட்டர் எங்கே இருந்து வரும்? பழைய முன்கட்டை இடிச்சால்தான். 2,500 சதுர அடி என்று பரப்பை வைத்து எல்லை போட்டவர்கள், மனையின் வடிவத்தைப் பற்றி அதிகம் யோசித்த மாதிரி தெரியலை.

ஆனால் இந்தப் பக்க இடைவெளியை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். எங்க பக்கம் இரண்டு வீட்டுக்கு நடுவில் விடும் சந்துக்கு முடுக்கு என்று பெயர். முடுக்கு உள்ள வீட்டில் புறவாசலுக்குத் தெருவிலிருந்து தனியாகப் போகலாம். முடுக்கு இல்லாத வீட்டில் பின்கட்டில் இருப்பவர் முன்கட்டின் பட்டாசாலை வழியாகத்தான் போய்வரணும், எந்நேரம் போனாள் எந்நேரம் வந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும்படி. ஒரு மீட்டர் முடுக்கு என்பது அந்தப் பெண்ணுக்குத் தனி வாசல். கணக்கெடுப்புக் கையேட்டின் மொழியில், அதுதான் அவள் அறையை ஒரு 'வீடாக' ஆக்குவது. கலிஃபோர்னியாவின் 4 அடியும் கிட்டத்தட்ட இதே அகலம்தான்.

விதி ஒருபக்கம் இருக்க, ஊர் வேறுபக்கம் கட்டிக்கொண்டே போனது. அரசுக்கும் இது தெரியும். 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பணம் வாங்கிக்கொண்டு விதிமீறல்களை வரன்முறை செய்தார்கள். 2000-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒரே ஒரு முறைக்கான சலுகையாக ஏற்றது. ஆனால் காலக்கெடு நீண்டுகொண்டே போக, 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-ல் 113-சி, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு. முதலில் தடுப்பது, பிறகு அபராதத்தோடு மன்னிப்பது. கால்நூற்றாண்டு இதுதான் நம் இரண்டாவது வீட்டுக் கொள்கை. அந்த வகையில் 2024 திட்டம் நிஜமான திருப்பம்தான். மன்னிப்பை முன்கூட்டியே அனுமதியாக மாற்றியிருக்கு. அதே ஆண்டில் 750 சதுர மீட்டருக்குள் 8 குடியிருப்பு வரை பணி நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு வந்தது. அதற்கு முன் 3 வரைதான்.

மச்சினருக்கு நான் எழுதிய பதில் இதுதான். உங்க ஊரில் சட்டம் இரண்டாவது வீட்டைக் கட்ட விடலை, அதனால் கட்ட விடும் சட்டம் பெரிய விஷயம். நம்ம ஊரில் இரண்டாவது வீடு எப்போதும் இருந்தது. அதில் இருப்பவருக்குத்தான் காகிதம் இல்லை. சுயசான்று அனுமதி வருவது மனை யார் பேரில் இருக்கோ அவர் பேரில். புறவாசலில் அத்தைக்கு வீடு கட்டினால், அனுமதி அண்ணன் பேரில், வரி அண்ணன் பேரில், மீட்டரும் அவர் பேரில். அத்தை பழையபடி "இருந்துக்கோ"தான். இதைச் சரிசெய்ய எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். பாகப்பிரிவினையிலோ செட்டில்மெண்ட் பத்திரத்திலோ அந்தப் பகுதியை அளவோடு எழுதி, முடுக்கில் நடைபாத்தியமும் கிணற்றுப் பாத்தியமும் சேர்த்துப் பதிந்தால் போதும். பிறகு கார்டும் மீட்டரும் கேட்க அவள் கையில் ஒரு தாள் இருக்கும். குரூப்பில் இதைப் போட்டதும் ஒரு பெரியப்பா, "இதெல்லாம் இப்ப எதுக்குடே?" என்று கேட்டார். சித்தி ஒருத்தங்க எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பி, பத்திரத்துக்கு எவ்வளவு செலவாகும்னு கேட்டாங்க.

அடுத்து நான் தேட நினைப்பது பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை. 1920-லிருந்து 1970 வரை உள்ளவை, அம்பாசமுத்திரம், கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம். அடுப்பு, முடுக்கு, கிணறு, பொதுச்சுவர் பற்றிய ஷரத்து ஏதாவது இருந்தால், குறிப்பாக விதவைக்கோ மகளுக்கோ ஒதுக்கிய அறையைப் பற்றி ஒரு வரி இருந்தாலும், பெயர்களை மறைச்சிட்டு போட்டோ அனுப்புங்க. மோடி எழுத்து மாதிரி கிறுக்கலா இருந்தாலும் பரவாயில்லை, ஊரில் படிச்சுச் சொல்ல ஒரு பழைய பத்திர எழுத்தர் இருக்கார்.